ஃபேமிலி லிங்க்: நெத்திலியைப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள்

சின்ன மீனைச் சமைப்பது போல நாட்டை ஆள வேண்டும் என்கிறது தாவோ தே ஜிங் என்ற பழைய சீன நூலின் 60ஆவது அத்தியாயம். கல்லில் போட்ட நெத்திலியைச் சும்மா சும்மா புரட்டினால் முள் வேறு சதை வேறாக உதிர்ந்துவிடும். பிள்ளை போன் பார்க்கும் நேரத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி இலவசம், உருப்படியானதும்கூட. ஆனால் தோசைக்கரண்டியைப் பெற்றோர் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

அந்த நூல் சொல்லும் 'வூ வெய்' என்றால் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை, வேண்டாத இடத்தில் கை வைக்காமல் இருப்பது. அதற்கு இரண்டு அமைப்புகள் போதும். ஒன்று டவுன்டைம், அதாவது போன் பூட்டியிருக்கும் நேரம்: இரவு 8.30 முதல் காலை 6.30 வரை. இன்னொன்று டெய்லி லிமிட், அதாவது ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நேரம் என்ற வரம்பு. தினம் 3 மணி நேரம் பார்க்கிற பிள்ளைக்கு ஒரேயடியாக 1 மணி என்று போட்டால் வீடு ரணகளமாகும். 2 மணி 45 நிமிடத்தில் தொடங்கி வாரம் 15 நிமிடம் குறையுங்கள். ஐந்தாவது வாரம் 1 மணி 45 நிமிடத்துக்கு வந்திருக்கும்.

ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி வரம்பு போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒன்றை அடைத்தால் பிள்ளை அடுத்ததற்குத் தாவும். யூடியூப் செயலிக்குப் போட்ட வரம்பு பிரவுசரில் பார்க்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காது. பிறகு அதற்கும் ஒரு தடை, அதற்கு மேல் இன்னொன்று.

பெரிய சிக்கல் கூடுதல் நேரம் தரும் வசதிதான். போன் பூட்டியபின் அழுதால் 15 நிமிடம், இன்னும் அழுதால் 30 என்று போனால், அழுகைதான் கடவுச்சொல் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ரயில் பயணம் மாதிரி நாட்களில் காலையிலேயே சொல்லிவிட்டுக் கூடுதல் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். பூட்டியபின் வேண்டாம்.

பூட்டிய பிறகு "போரடிக்குதும்மா" என்று வரும். உடனே ஓவிய வகுப்பில் தள்ளாதீர்கள். பானையின் பயன் அதன் வெற்றிடத்தில் இருக்கிறது என்கிறது அதே நூலின் 11ஆவது அத்தியாயம். கொஞ்ச நேரம் சும்மா உட்காரட்டும். பழைய அட்டைப்பெட்டியோ தண்ணீர்க் குழாயோ தானாகக் கண்ணில் படும்.

குறைகளும் உண்டு. டெய்லி லிமிட் கருவிக்குக் கருவி தனி: போனில் 2 மணி, டேப்லெட்டில் 2 மணி என்றால் மொத்தம் 4 மணி. பிள்ளை கையில் ஐபோன் இருந்தால் இந்த வரம்புகள் செல்லாது. இணையம் இல்லாத போனுக்கு உங்கள் மாற்றம் போய்ச் சேராது; அவசரத்துக்குத் திறக்க, பெற்றோர் செயலியில் இருக்கும் அணுகல் குறியீட்டைப் பிள்ளையின் போனில் நீங்களே தட்ட வேண்டும்.