மனம் தேறியது, மூளை தேறவில்லை: மாத்திரையா, பயிற்சியா, மருந்துக் குறைப்பா?

மனச்சோர்வு குறைந்துவிட்டது, அழுகை நின்றுவிட்டது, தூக்கமும் ஓரளவு சரி. ஆனால் வங்கிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் பாதியில் கை நிற்கிறது. யாராவது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் முதல் வாக்கியம் மறந்துபோகிறது. மேனியா எனும் அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். "அதான் நல்லாயிடுச்சே, இன்னும் என்ன சோம்பேறித்தனம்" என்று வீட்டில் கேட்பார்கள். சோம்பேறித்தனம் இல்லை அது. மனநிலை சீரான பிறகும் கவனம், நினைவு, திட்டமிடல், யோசிக்கும் வேகம் எல்லாம் பலருக்குப் பின்தங்கியே இருக்கின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

"மூளைக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பது நம் வழக்கம். டானிக்கை விட்டுவிடுவோம். உண்மையில் எடைபோட வேண்டியவை மூன்று: இப்போது சாப்பிடும் மருந்துகளைச் சீரமைப்பது, புது மாத்திரை சேர்ப்பது, பயிற்சி.

முதலாவதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணக்கில் தொடங்க வேண்டிய இடமே அதுதான். கை நடுக்கம், உடல் இறுக்கத்துக்காகச் சேர்த்த ட்ரைஹெக்சிஃபெனிடில், தேவை முடிந்த பிறகும் சீட்டில் தொடர்வதுண்டு. அது நினைவை மழுக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளும் அப்படியே. தூக்கத்துக்கென்று ஆரம்பித்த குளோனசெபாம், சொற்களை வாய்க்கு வராமல் நழுவவிடும் வலிப்பு மருந்தான டோபிராமேட், இவையும் இந்தப் பட்டியலில் வரும். பைபோலாருக்குத் தரும் லித்தியம் சிலருக்குத் தைராய்டைக் குறைத்துவிடும். தைராய்டு குறைந்தால் மூளை தானாகவே மந்தமாகும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. "மந்தமா இருக்கு" என்று தானாக மாத்திரையை நிறுத்துபவர்கள் அதில்தான் விழுகிறார்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மேனியா திரும்பும் அபாயம் அதிகம். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் நல்ல பெயர் எடுத்த மருந்து வேறு அது. குளோனசெபாமைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். குறைப்பது டாக்டர் கையில், படிப்படியாக மட்டும்.

அடுத்தது புது மாத்திரை. இதில் முன்னணியில் இருப்பது வோர்டியாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து. 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மனச்சோர்வு உள்ள சுமார் 600 பேருக்கு எட்டு வாரம் இதையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். அளந்த பரீட்சைகளில் முக்கியமானது இப்படி: 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி மேலே அச்சிட்டிருக்கும். கீழே எண்கள் வரிசையாக வரும். குறித்த நேரத்துக்குள் எத்தனை எண்ணுக்குச் சரியான குறியைப் போடுகிறீர்கள்? வோர்டியாக்செடின் எடுத்தவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தப் பரீட்சை முடிவுகளை மருந்தின் விவரக்குறிப்பில் சேர்க்க அனுமதித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் குறி போடும் வேகம் கூடியதற்கும், மாதக் கடைசியில் கணக்கு முடித்து நிமிர்வதற்கும் நடுவே தூரம் அதிகம்.

பைபோலாருக்கு இது இன்னும் சிக்கல். வோர்டியாக்செடினும் மனச்சோர்வு மருந்துதான்; லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கி இல்லாமல் தனியாகக் கொடுத்தால் மேனியாவைக் கிளப்பிவிடலாம். தூக்கக் கலக்கத்தைப் போக்கும் மருந்தான மோடாஃபினிலை கேம்பிரிட்ஜில் சோதித்தபோது, மனச்சோர்விலிருந்து தேறியவர்களின் நினைவு மேம்பட்டது. ஆனால் கொடுத்தது ஒரே ஒரு வேளை மருந்து. கோபன்ஹேகனில், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினை வாரம் ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பார்த்தார்கள். சில பலன்கள் தெரிந்தன, ஆனால் ரத்தம் உறையும் அபாயத்தையும் கூடவே கவனிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் சரி, நம் வீட்டுக்கு இல்லை.

பயிற்சி என்றதும் பலர் போனில் விளையாட்டு ஆப் ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு ஆப்பை விற்கும் லுமோசிட்டி நிறுவனம், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. விளையாட்டில் மதிப்பெண் ஏறும். ஏறுவது பெரும்பாலும் அந்த விளையாட்டில் மட்டும்தான்.

எனக்குப் பிடித்தது பார்சிலோனாக்காரர்கள் முன்னெடுத்த வழி. பைபோலார் உள்ள 239 பேர், ஸ்பெயினின் பல மையங்கள்; அவர்களில் ஒரு குழுவுக்குப் பயிற்சி, வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், 21 வாரம். 2013-இல் முடிவு வந்தது. குழுவாக உட்கார்ந்து, மறதியையும் கவனச் சிதறலையும் அன்றாட வேலைகளில் எப்படிச் சமாளிப்பது என்று பழகுவது, டைரி வைத்துக்கொள்வது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, வீட்டிலும் அதைச் செய்துபார்ப்பது என்று போகும். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் வேலையிலும் மனிதர்களோடு பழகுவதிலும் நன்றாகத் தேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், மூளைப் பரீட்சை மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை!

மாத்திரையில் மதிப்பெண் ஏறுகிறது, வாழ்க்கை மாறுமா என்பது சந்தேகம். இதிலோ மதிப்பெண் அப்படியே இருக்க, வாழ்க்கை நகர்கிறது. எது வேண்டும் என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு நோயைப் பற்றிய விளக்க வகுப்புகள் மட்டும் நடந்தன. அந்தக் குழுவைவிடப் பயிற்சிக் குழு தெளிவாக முந்திவிடவில்லை. பலனில் ஒரு பங்கு, வாராவாரம் நாலு பேரோடு உட்கார்ந்து பேசியதாலேயே வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நம் ஊரில் இத்தகைய குழுப் பயிற்சி எளிதில் கிடைப்பதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். அதுவரைக்கும், அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வயிற்றுக்கும் சளிக்கும் வாங்கியதையும் சேர்த்து. மேசையில் பரப்பி வைத்து, "இதுல எது இன்னும் தேவை, தைராய்டு எப்போ பார்த்தோம்" என்று கேளுங்கள். புது மாத்திரை பற்றிய பேச்சை அதற்கப்புறம் எடுக்கலாம்.