கொலோனா, மிலனா, ஷார்த்ரா? ஒரே ஒரு பேராலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்

ஐரோப்பா போனால் நான்காவது நாள் யாராவது ஒருவர் "இன்னொரு சர்ச்சா?" என்று கேட்டே தீருவார். எங்கள் கூட்டத்தில் கேட்டது என் மைத்துனர். அவர் மேல் தப்பில்லை, கூர்மையான வளைவு, அண்ணாந்து பார்க்கும் தூண், வண்ணக் கண்ணாடி என்று கோதிக் பேராலயங்கள் எல்லாம் முதல் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் தெரியும். ஆனால் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. அது தெரியாமல் போய் உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு செல்ஃபி என்று திரும்பினால் எல்லாம் ஒன்றுதான்.

பாரிஸின் நோத்ர தாமை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பாரிஸ் போகிறவர்கள் நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அங்கே போகத்தான் போகிறார்கள். 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள், உள்ளே கல்லெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, கூட்டமும் அப்படியே. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, அதனால் வாசலில் யாராவது நுழைவுச் சீட்டு என்று விற்றால் நடையைக் கட்டுங்கள்.

சரி, ஜெர்மனியின் கொலோன். இதன் பெரிய வசதியே ரயில் நிலையம்தான். வெளியே வந்து தலையைத் தூக்கினால் பேராலயம் நிற்கிறது, இரண்டு ரயில்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். 1248-ல் ஆரம்பித்து, 16-ஆம் நூற்றாண்டில் வேலை நின்று, அரைகுறைத் தெற்குக் கோபுரத்தின் மேல் ஒரு பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் சும்மா நின்றிருக்கிறது. 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்தபோது உயரம் 157 மீட்டர், நாலு வருஷம் உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். அப்படிப் பார்த்தால் எல்லோரும் படமெடுக்கிற கோபுரங்களில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டு வேலை. "அசல் இடைக்காலம் இல்லையே" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் குறை தெரியவில்லை, பழைய வரைபடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்படிதான் கட்டினார்கள்.

கோபுரம் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. குறுகிய சுழற்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே வழியில் உரசிக்கொண்டு போக வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு மூச்சு வாங்கி மேலே போனால் கம்பி வலைக்குப் பின்னால் நின்றுதான் ஊரைப் பார்க்க வேண்டும். அதைவிட, ஹோஹென்ஸோலர்ன் பாலத்தில் ரைன் நதியைத் தாண்டி எதிர்க்கரைக்கு நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். பேராலயமே இல்லாத ஊரை மேலிருந்து பார்ப்பதைவிட, பேராலயத்தோடு சேர்த்து ஊரைப் பார்ப்பது மேல் இல்லையா?

உள்ளே, பலிபீடத்துக்குப் பின்னால், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை இருக்கும் தங்கப் பேழை. இதில் ஒரு வேடிக்கை: அந்த எலும்புகள் மிலனிலிருந்து வந்தவை. ஜெர்மானியப் பேரரசர் பார்பரோஸா மிலனைப் பிடித்த பிறகு, 1164-ல் கொலோன் பேராயர் அவற்றைத் தன் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். அவற்றைப் பார்க்க யாத்ரிகர்கள் குவிந்ததால்தான் இவ்வளவு பெரிய ஆலயமே தேவைப்பட்டது.

எலும்புகளைப் பறிகொடுத்த இத்தாலியின் மிலன் சும்மா இருக்கவில்லை. 1386-ல் தொடங்கி, கடைசிக் கதவை 1965-ல்தான் மாட்டினார்கள். கண்டோலியா சுரங்கத்தின் வெளிர்சிவப்புச் சாயல் கொண்ட பளிங்கை ஏரி, ஆறு, கால்வாய் வழியாகப் படகில் ஏற்றி ஊருக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறார்கள், வழியில் சுங்கம் கூடக் கிடையாது. முகப்பு மட்டும் எனக்கு ஒட்டவில்லை, ஆளுக்கொரு காலத்தில் கை வைத்ததில் கொஞ்சம் கோதிக், கொஞ்சம் வேறென்னவோ. உள்ளே இருட்டு. ஆனாலும் உரிக்கப்பட்ட தன் தோலையே சால்வை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும், தோலுரித்துக் கொல்லப்பட்ட இயேசுவின் சீடர் புனித பர்த்தலோமேயு சிலையைப் பார்க்காமல் வராதீர்கள். 1562-ல் செய்தது. நரம்பும் தசையும் மருத்துவக் கல்லூரிப் படம் போல இருக்கும், சின்னக் குழந்தைகள் மிரளலாம்.

மிலனுக்குக் காசு கொடுப்பதே கூரைக்காகத்தான். கோபுரத்துக்குள் ஏறி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது, பளிங்குக் கூரை மேலேயே காலாற நடக்கலாம். கீழிருந்து ஊசி மாதிரித் தெரிந்த சிகரங்கள் பக்கத்தில் வந்து நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிலை. தரையிலிருந்து யாருக்கும் தெரியாத மூக்கையும் விரலையும் கூட மெனக்கெட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலையும் தெரியும். லிஃப்ட் சீட்டு விலை கூடுதல், அதில் போனாலும் உச்சித் தளத்துக்குக் கொஞ்சம் படி ஏறத்தான் வேண்டும். முட்டியும் தோளும் மூடிய உடை அவசியம். வெயில் காலத்தில் அரைக்கால் சட்டையோடு போய், வாசலில் வாங்கிய துண்டை வேட்டி மாதிரிச் சுற்றிக்கொண்டு நின்ற என் மைத்துனர் சாட்சி.

அப்புறம் பிரான்ஸின் ஷார்த்ர். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கோதுமை வயல்களுக்கு நடுவே ஊருக்கு முன்னால் இரண்டு கோபுரம்தான் தெரியும், இரண்டும் வேறு வேறு உயரம், வேறு வேறு பாணி. 1194-ல் பழைய ஆலயம் எரிந்து, முக்கால்வாசிக் கட்டடம் ஒரு தலைமுறைக்குள் எழும்பிவிட்டது. அறுநூறு வருஷம் இழுத்தடித்த மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஒரே மூச்சில் கட்டியது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் இங்கே வருவது கட்டடத்துக்காக அல்ல, ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடிக்காக. 12, 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இவ்வளவு தங்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போர் வருகிறது என்றதும் அத்தனையையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அந்த நீலத்தைப் படத்தில் பிடிக்க முடியாது, நான் எடுத்த நாற்பது படத்தில் ஒன்றிலும் வரவில்லை. ஜன்னல்களின் கீழ்வரிசைக் கட்டங்களில் ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், இறைச்சிக் கடைக்காரர் என்று தொழிலாளிகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மேலே உள்ளவற்றுக்குப் பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். சமீபத்தில் உட்சுவரின் கறுப்பையெல்லாம் சுத்தம் செய்து வெளுத்துவிட்டார்கள், அதில் பெரிய சண்டையே நடந்தது. பழைய இருட்டில் நீலம் இன்னும் ஜொலித்தது என்பவர்கள் ஒரு பக்கம். சுவரில் பூச்சின் நுணுக்கம் இப்போதுதான் தெரிகிறது என்பவர்கள் மறுபக்கம், நான் இரண்டாவது கட்சி. தரையில் இருக்கும் வட்டப் புதிர்ப்பாதையை நடந்து பார்க்க ஆசை என்றால் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கி இலையுதிர் காலம் வரையுள்ள வெள்ளிக்கிழமைகளில் போங்கள். மற்ற நாள்களில் அதன்மேல் நாற்காலி போட்டிருக்கும்.

குழந்தைகளோடு போனால் மிலன், ரயில் மாறும் இடைவெளி மட்டும் இருந்தால் கொலோன், ஒரு முழு நாள் கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஷார்த்ர். அங்கே மத்தியானத்துக்கு மேல் போங்கள். சூரியன் இறங்க இறங்க மேற்குச் சுவரின் மூன்று ஜன்னல்களும் மேலே இருக்கும் வட்ட ஜன்னலும் எரிய ஆரம்பிக்கும். "இன்னொரு சர்ச்சா?" என்று கேட்ட அதே மனுஷன் அங்கே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எங்களைக் காக்க வைத்ததில், ஐந்தே முக்கால் ரயிலை விட்டுவிட்டோம்.