வாணலியா, நான்ஸ்டிக்கா, இரும்புக்கல்லா: ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பணியாரத்துக்கு எது?

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இட்லி கிடையாது. அப்பத்தா இருந்த காலத்திலிருந்தே அன்றைக்கு இனிப்புதான், அதிலும் கந்தரப்பம். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை ஊற்றி, அது தானாக மேலே எழும்பி வரும்வரை தொடாமல் விட்டு, ஒரே ஒருமுறை திருப்பிப் போட்டு எடுக்க வேண்டும். ஒன்று வெந்து வெளியே வந்த பிறகுதான் அடுத்தது. நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, பொரித்ததைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னதும் அம்மா ஞாயிற்றுக்கிழமையை உப்புமாவுக்கு மாற்றிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த உப்புமாவை அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்த எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே இனிப்பை இலேசாகச் செய்ய என்ன வழி என்று தேட ஆரம்பித்தது அப்படித்தான். இந்த நான்கு வருடத்தில் எல்லா வழியையும் ஏதோ ஓர் அளவுக்குச் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் அடுப்பில் இருப்பது ஏழு குழி இரும்புப் பணியாரக்கல். நான் அதன் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாணலி. ருசியில் கந்தரப்பத்தை எதுவும் மிஞ்சாது, அதில் எனக்கு வாதமே இல்லை. விளிம்பு மொறுமொறுப்பும் நடுவில் பஞ்சும் கல்லில் வராது. கந்தரப்பம் இரண்டு நாள் கெடாமலும் இருக்கும், கல்லில் சுட்டதோ சாயங்காலமே காய்ந்து போகும். ஆனால் எண்ணெய்க் கணக்கு வேறு. ஒருநாள் அளந்தே பார்த்தேன். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு 500 மில்லி எண்ணெய் ஊற்றி, 20 அப்பம் சுட்டு, ஆறவைத்து வடித்தால் 370 மில்லிதான் திரும்பி வந்தது. மீதி 130 மில்லியில் பெரும்பகுதி அப்பத்தோடு போனதுதான். ஓர் அப்பத்துக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வருகிறது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி என்பதால், எண்ணெய் வகையிலேயே ஒவ்வொன்றிலும் 50 கலோரி தாண்டுகிறது. வெல்லம் கூடினாலோ, மெத்தென்று இருக்கட்டும் என்று சோடா உப்பை அள்ளிப் போட்டாலோ அப்பம் இன்னும் குடிக்கும். மாவைக் கெட்டியாக வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்.

ஆவியில் வேகவைப்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெல்ல மாவை இட்லித் தட்டில் ஊற்றினால் எண்ணெய் அறவே வேண்டாம், ஆனால் வருவது இனிப்பு இட்லி. குழந்தைகள் சாப்பிடுவார்கள். கந்தரப்பத்தை நினைத்து உட்கார்ந்தவருக்கு அதை வைத்தால் முகம் தொங்கிப்போகும். ஏர் ஃபிரையரை உறவினர் வீட்டில் ஒரே ஒருமுறை முயன்றோம். தளர்ந்த மாவு கூடையில் நிற்காது என்பதால் சிலிக்கோன் கிண்ணத்தில் ஊற்றி வைக்க வேண்டியிருந்தது. மேல்புறம் தோல் போலக் காய்ந்து உள்ளே கேக் மாதிரி வந்தது. ஒருமுறை செய்ததை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அந்த இயந்திரத்தோடு பழகியவர்கள் இதைவிட நன்றாகச் செய்யக்கூடும்.

ஆக உண்மையான போட்டி இரண்டு குழிக்கல்லுக்கும் இடையில்தான்.

நான் முதலில் வாங்கியது நான்ஸ்டிக். அதைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை, முதல் ஆறு மாதம் அது அருமையாக உழைத்தது. குழிக்கு இரண்டு சொட்டு எண்ணெய், மூடி போட்டு மூன்று நிமிடம், திருப்பினால் தானாக உருளும். கல் கனமும் இல்லை, கழுவவும் சுலபம். ஆனால் இனிப்பு மாவு கார மாவைப் போல இல்லை. காரப் பணியாரத்தில் குழியில் ஒட்டுவது வெறும் மாவு, தண்ணீர் ஊற்றி வைத்தால் ஊறி வந்துவிடும். இனிப்புப் பணியாரத்தில் ஒட்டுவது வெல்லம். அது சூட்டில் பாகாகி, அடுத்த ஈட்டுக்குள் கருகி, குழியின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்தை எடுக்கத் தேய்ப்போம், தேய்த்தால் மேல்பூச்சு போகும், பூச்சு போன இடத்தில் அடுத்த வாரம் இன்னும் ஒட்டும். திருப்புவதற்கு நாங்கள் பழக்க தோஷத்தில் இரும்புக் கம்பியையே பயன்படுத்தினோம், அதுவும் ஒரு காரணம். ஒன்றரை வருடத்தில் நடுக்குழியில் அடியிலிருந்த வெள்ளை அலுமினியம் தெரிந்தது. அந்தச் சமயத்தில் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் இல்லாமல் பணியாரம் எழும்பவே இல்லை. எண்ணெயைக் குறைக்க வாங்கிய கல்லில் எண்ணெய் ஏறிக்கொண்டே போனது.

இரும்பில் இதற்கு நேர்மாறாக நடந்தது, என் முடிவைத் தீர்மானித்ததே அதுதான். புதுக் கல்லில் முதல் இனிப்பு ஈடு பெரும் சேதம். ஏழில் நான்கு பிய்ந்து வந்தன, ஒரு டம்ளர் அரிசிக்கு 70 மில்லி எண்ணெய் ஆனது. ஆறு மாதம் கழித்து அது 45க்கு இறங்கியது. இப்போது 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 28 பணியாரம் எடுக்கிறேன். அதே அரிசிக்கு வாணலியில் போனது 130 மில்லி. வருடம் ஏற ஏற இரும்பில் எண்ணெய் குறைகிறது, நான்ஸ்டிக்கில் கூடுகிறது. அதனால் இலேசான பணியாரம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் மாவுக் குறிப்பைச் சொல்வதற்கு முன்னால் கல்லைப் பற்றித்தான் பேசுகிறேன், மாவு எவ்வளவு சரியாக இருந்தாலும் கல் பழகவில்லை என்றால் எண்ணெயை ஊற்றித்தான் ஆக வேண்டும்.

பழகுவது என்றால் என்ன? எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிச் சூடேற்றும்போது அது இரும்போடு இறுகி வழவழப்பான கறுப்புத் தோலாக மாறுகிறது. இந்தத் தோல்தான் இரும்பின் நான்ஸ்டிக், போனாலும் வீட்டிலேயே திரும்ப வரவைத்துக்கொள்ளலாம். புதுக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, நல்லெண்ணெய் தடவி வைத்தோம். அதன்பிறகு நான்கைந்து முறை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தைக் குழிகளில் உருட்டி வதக்கினோம். இதோடு நிறுத்திவிட்டு இனிப்பு மாவை ஊற்றியதுதான் நாங்கள் செய்த தவறு. இரண்டு மாதமாவது காரப் பணியாரம் மட்டுமே சுடுங்கள். உளுந்தும் எண்ணெயும் கலந்த மாவு குழியைத் தானாகப் பழக்கிவிடும். காரம் ஒட்டாமல் உருண்ட பிறகுதான் வெல்லத்தைக் காட்ட வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு இனிப்பு ஈட்டுக்கும் பிறகு செய்வது. கல் சூடாக இருக்கும்போதே வெந்நீரைக் குழிகளில் ஊற்றினால் வெல்லம் இளகும், மரக்கரண்டியின் நுனியால் சுரண்டினால் வந்துவிடும். பச்சைத் தண்ணீரைச் சூட்டுக் கல்லில் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேவையே வராது. கழுவியதும் துணியால் துடைப்பது போதாது, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரம் முழுக்கப் போன பிறகு, துணியில் நல்லெண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு குழியிலும் ஒரு சுற்று. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்துக்கு மனசில்லாதவர்கள் இரும்பு வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஒருமுறை நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, உதவிக்கு வந்தவர் நல்லெண்ணத்தில் கல்லைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு விட்டார். திரும்பி வந்தபோது ஏழு குழியும் செம்மண் நிறம். அம்மா கண் கலங்கிவிட்டார். ஆனால் கல் போகவில்லை. கல்லுப்பைப் போட்டுத் துரு போகத் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தடவிப் புகை வரும்வரை சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி தடவி, இப்படி நான்கு முறை. மூன்று வாரம் காரப் பணியாரம், நான்காவது வாரம் வெல்லம். பழைய நிலைக்கு வந்துவிட்டது. மேல்பூச்சு போன நான்ஸ்டிக்குக்கு வீட்டில் இப்படி ஒரு வைத்தியம் கிடையாது.

பழைய கல் கிடைத்தால் இந்த ஆரம்பப் பாடே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் தேடினால் யார் வீட்டிலோ பல வருடம் உழைத்த கல் அகப்படும். வாங்கும்முன் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் துரு உள்ளே தின்றிருக்கிறது என்று அர்த்தம். மேலே மட்டும் படிந்த துரு பயமில்லை. கேரளத்து உண்ணியப்பம் சுடும் வெண்கல அப்பக்காரையும் சில கடைகளில் இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் உண்ணியப்பம் குழி நிறைய நெய்யோ எண்ணெயோ விட்டுச் சுடுவது. நமக்கு வேண்டியது அது இல்லை. மாக்கல்லில் சுட்டதை ஓர் உறவினர் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன், ருசி நன்றாகவே இருந்தது. நானே அதில் சுட்டதில்லை என்பதால் எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லத் துணியமாட்டேன்.

சரி, மாவு. பச்சரிசி ஒரு டம்ளர், 200 கிராம். உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி. மூன்று மணி நேரம் ஊறவைத்துச் சனிக்கிழமை சாயங்காலம் கெட்டியாக அரைத்து வெளியே வைத்துவிடுவேன். அப்பத்தா கணக்கில் அரிசிக்குச் சமமாக வெல்லம். நான் 120 கிராமில் நிறுத்திவிடுகிறேன், குறைந்த இனிப்பை ஈடுகட்ட நன்றாகக் கனிந்த பூவன் பழம் இரண்டு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு கைப்பிடி, ஏலக்காய், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பை விடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். பழம் குறைந்த எண்ணெயிலும் பணியாரத்தைக் காயவிடாமல் காக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஆறவைத்து, ஞாயிறு காலைதான் மாவில் சேர்க்க வேண்டும். ராத்திரியே சேர்த்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்து நீர்த்துவிடும், நீர்த்த மாவு எந்தக் கல்லிலும் ஒட்டும்.

வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே என்று தாராளமாகப் போடுகிறவர்கள் உண்டு. கலோரியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், கருப்பட்டியும் அப்படியே. உணவோடு தனியாகச் சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். என் அளவில் ஐந்து பணியாரத்தில் வெல்லம் 21 கிராம்தான், பழைய அளவில் 35 கிராமுக்கு மேல் வந்திருக்கும். ஐந்தோடு நிறுத்தினால் அந்த 25க்குள் அடங்கும், ஆனால் அதற்குமேல் அன்றைக்கு இனிப்புக் காபிக்கு இடமில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரிசிக்குப் பதில் தினையில் இரண்டு முறை சுட்டேன். மணம் பிடித்திருந்தது, ஆனால் திருப்பும்போது உடைந்தது. பாதி தினை பாதி அரிசி சரியாக வரும் போலத் தோன்றுகிறது, இன்னும் நான்கைந்து முறை சுட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சுடும்போது ஒரு விஷயம்: இரும்புக்கல்லில் நடுக்குழிதான் முதலில் காயும். அதனால் சுற்றிலும் ஊற்றிவிட்டு நடுவில் கடைசியாக ஊற்றுங்கள், எடுக்கும்போது அதை முதலில் எடுங்கள். தீ எப்போதும் சிறியதாகவே இருக்கட்டும், வெல்லம் சீக்கிரம் நிறம் மாறும், மேலே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும்.

எல்லோரும் இரும்பே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். என் கல் இரண்டு கிலோவுக்கு மேல். மணிக்கட்டு வலியுள்ளவர்கள் அதைத் தூக்கிக் கழுவுவது கஷ்டம், என் அத்தைக்கு நானே நான்ஸ்டிக்தான் வாங்கிக் கொடுத்தேன், கூடவே மரக் குச்சியும். மாதம் ஒருமுறை மட்டும் சுடுகிறவர்களுக்கும் அதுவே போதும். வெறுங்கல்லை அடுப்பில் காயவிட்டு மறந்துவிடக் கூடாது என்பதை மட்டும் கவனமாக இருக்கச் சொல்வேன், 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். இண்டக்ஷன் அடுப்பு மட்டும் இருக்கிற வீடு என்றால் வாங்கும்முன் அடிப்பாகத்தைப் பாருங்கள். அடி தட்டையாக இல்லாத இரும்புக்கல் அதில் சரியாகச் சூடேறாது, வெறும் அலுமினிய நான்ஸ்டிக்கோ சூடே ஏறாது.

தீபாவளிக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் வாணலிதான். அன்றைக்கு வெல்லத்தையும் குறைப்பதில்லை, அரிசிக்குச் சமமாக அப்பத்தா அளவு. அப்பாவுக்கு இரண்டு.