மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: செட்டிநாட்டு வீட்டில் இரண்டு பேருக்குப் போதுமா?

நகரத்தார் கோயில் வரியில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அஞ்சலகத்தில் அப்படியில்லை, ஆளுக்கொரு கணக்கு. காரைக்குடித் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் இந்தத் திட்டத்தில் சேருமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கூட்டுக் கணக்கு என்றால் முழுத் தொகையும் முதல் பெயருக்கே சேரும், வரம்பு இரட்டிக்காது. இருவருக்கும் 60 வயது ஆகிவிட்டதென்றால் தனித்தனியாகத் திறப்பதே சரி.

2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது, 2025 முழுக்க அதுவேதான். சேரும் நாளில் உள்ள விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது. 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை 61,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மாதம் 41,000. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வேலைநாளில் வரும். எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. ஆகவே சேமிப்புக் கணக்கில் தானாக வரவாகும்படி அன்றே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

இது போதுமா? சொந்த வீடு, கடன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: மளிகை, பால், மின்சாரம், மருந்து, வேலையாள் எல்லாம் சேர்ந்து மாதம் 28,000. கணக்குத் தப்புவது ஆண்டுச் செலவில்தான். மருத்துவக் காப்பீடு, மொய், புள்ளி வரி, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார், அப்புறம் வீடு. முற்றத்தைச் சுற்றியுள்ள நாட்டு ஓட்டில் ஒன்று விரிசல் விட்டால் போதும், தண்ணீர் முதலில் கூரையின் மரச் சட்டத்தில் ஊறும். பிறகு சுவரில் இறங்கிப் பழைய சுண்ணாம்புப் பூச்சை உப்பவைக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றினால் சில ஆயிரத்தோடு போகும். சட்டம் உளுத்துவிட்டால் லட்சக் கணக்கு. இதற்கெல்லாம் ஆண்டுக்கு 1,44,000 ஒதுக்கினால் மாதம் 12,000. மொத்தம் 40,000.

ஆக 60 லட்சம் இன்றைக்குச் சரியாக இருக்கிறது, நாளைக்கு இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இதே செலவு 80,000 ஆகும், வட்டியோ விலைவாசிக்கு ஏற்ப ஏறாது. இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுதான். வளரக்கூடிய முதலீட்டில் தனியாக ஒரு தொகை இல்லாமல் இதை மட்டும் நம்பி ஓய்வு பெறுவது நல்லதில்லை.

முதல் ஆண்டுக்குள் கணக்கை மூடினால் கொடுத்த வட்டியைத் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டாம் ஆண்டில் அசலில் 1.5 சதவீதம், அதன்பின் 1 சதவீதம் போகும். ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தை இதில் போடாதீர்கள். ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரி பிடிப்பார்கள். வரி வராதவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட வேண்டும்.

ஒருவர் போய்விட்டால்? மற்றவருக்கு இதே திட்டத்தில் வேறு கணக்கு இல்லாவிட்டால், அவர் கூட்டுக் கணக்குக்காரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்து கணக்கைத் தொடரலாம். தனிக் கணக்கு இருந்தால் இறந்தவரின் கணக்கை மூடத்தான் வேண்டும். இறந்த நாளிலிருந்து அதற்குச் சேமிப்புக் கணக்கு வட்டிதான். துக்கத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த இழப்பு தெரியாமலே போகும். பாஸ்புத்தகம், நாமினி விவரம் இரண்டும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது ஆச்சிக்கும் ஐயாவுக்கும் இன்றே தெரிந்திருக்க வேண்டும்.