பாகிஸ்தானில் இணையக் கடை: கேஷ் ஆன் டெலிவரியா, வாலட்டா?

இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப், பேபால் இரண்டும் பாகிஸ்தான் வணிகர்களுக்குக் கணக்கு தருவதில்லை. அதனால் கராச்சியில் கடை தொடங்குபவருக்கு முதல் குழப்பமே பணம் வாங்கும் வழிதான்.

நம்பிக்கை: பொருள் கைக்கு வந்த பிறகே காசு என்பதால் புதுக் கடைக்கும் கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் விழும். ஈசிபைசா, ஜாஸ்கேஷ் போன்ற மொபைல் வாலட் (போனிலேயே பணம் வைத்து அனுப்பும் கணக்கு) என்றால் முன்பணம். பெயர் தெரியாத கடைக்கு அனுப்பத் தயங்குவார்கள்.

செலவு: வாலட்டில் கமிஷனோடு முடியும். கேஷ் ஆன் டெலிவரியில் அடி விழுவது திரும்பி வரும் பார்சலில். வீட்டில் ஆள் இல்லை, போனை எடுக்கவில்லை என்று திரும்பினால் கூரியர் கூலி உங்கள் தலையில்தான். வாட்ஸ்அப்பில் முகவரியை உறுதி செய்யாமல் லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

வரவு: கூரியர் வசூலித்து, கட்டணம் கழித்து, சில நாள் கழித்தே தரும். வாலட் வேகம்.

துணி, செருப்புக்குக் கேஷ் ஆன் டெலிவரி. ஆன்லைன் வகுப்பு, சந்தாவுக்கு வாலட். ஆர்டரின் பேரில் செய்யும் கேக்குக்குப் பாதிப் பணத்தை வாலட்டில் முன்பே வாங்கிவிடுங்கள்.