கிற்றார் குமிழா, வேறு அம்ப்ளிஃபயரா?

கிற்றார் அம்ப்ளிஃபயர்களின் ஒலியைப் போலி செய்யும் டிஜிட்டல் கருவியில், மார்ஷல் ஜேசிஎம் 800 என்ற ரொக் அம்ப்ளிஃபயரின் மாதிரியைக் கரகரவென்று கத்தவிட்டு வாசிக்கிறோம். பாட்டின் நடுவில் சுத்தத் தொனி வேண்டும். வழி இரண்டு.

எனக்குப் பிடித்தது, கிற்றாரின் வொல்யூம் குமிழை 3, 4க்கு இறக்குவது. உள்ளே போகிற சிக்னல் சிறுக்க, மாதிரி அதை நசுக்கிக் கரகரக்கவைப்பதை நிறுத்திவிடும். ஏற்கெனவே நசுங்கிய ஒலி என்பதால் சத்தம் அவ்வளவாக விழாது. மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் லேசான கரகரப்பு. ஆனால் குமிழின் தடையும் கேபிளின் மின்கொள்ளளவும் சேர்ந்து ஒலியின் கூர்மையைத் தின்னும். குமிழில் சிக்னல் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 1 நானோஃபாரட் அளவில் ஒரு கப்பாசிட்டரைப் பற்றவைத்தால் திரும்பி வரும். மெல்லிய இரைச்சலை அடைக்கும் நொய்ஸ் கேட்டையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ஸ்வரத்தின் வால் வெட்டுப்படும். (திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்றில் குமிழே கரகரக்கத் தொடங்கினால் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கவேண்டியதுதான்.)

மற்றது, சுத்தத் தொனிக்குப் பேர்போன ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப் அம்ப்ளிஃபயரின் மாதிரியுள்ள பிரீசெட்டுக்கு (முன்கூட்டியே சேமித்த அமைப்புக்கு) காலால் சுவிட்சை மிதித்துத் தாவுவது. பளிச்சென்ற சுத்தம், சந்தேகமில்லை. சில கருவிகளில் மாறும்போது ஒலி ஒரு கணம் அறும். இரண்டின் சத்தத்தையும் மேடைச் சத்தத்தில் வைத்தே சமப்படுத்தவேண்டும், ஹெட்ஃபோனில் அல்ல. கடற்கரை ஹோட்டலில் பைலா முடிந்த கையோடு ரொக் கேட்கிற கூட்டத்துக்கு இதுதான் சரிவரும்.