திரையரங்கில் பிறந்தநாள் கொண்டாட அழைக்கிறார்களா? படத்தின் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து என் தங்கை அழைத்தாள். அவள் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. பக்கத்து மாலில் உள்ள திரையரங்கில் பிறந்தநாள் பேக்கேஜ் போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு டிக்கெட், பாப்கார்ன், குளிர்பானம், இடைவேளையில் கேக், திரையில் குழந்தையின் பெயர், எல்லாம் சேர்த்து ஒரே விலை. “சூப்பர்ஹீரோ படம்தான் அக்கா, குழந்தைகள் படம்தான் என்று சொன்னார்கள். இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள்” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. “இன்று கட்டாதே, இரவு பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

2022 மார்ச்சில் எங்களுக்கு நடந்ததை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகளை அழைத்துப்போய் அழவைத்துத் திருப்பிக் கூட்டி வந்தோமே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். தங்கையிடம்கூட அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன். அதே வார்த்தைகளைச் சொல்லி அவளிடமும் பணம் கேட்கிறார்கள் என்றால், நான் சும்மா இருந்தது தவறு.

அப்போது நாங்கள் கோவையில் இருந்தோம். மகனுக்கு எட்டாவது பிறந்தநாள். கொரோனா காரணமாக இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே கேக் வெட்டிய பிள்ளை. இந்த முறை நண்பர்களோடு வெளியே போக வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பள்ளிப்பையில் வௌவால் சின்னம், தண்ணீர்ப் பாட்டிலில் வௌவால் சின்னம், போர்வையிலும் அதுதான். அந்த நேரத்தில்தான் வௌவால் வேடம் போட்ட சூப்பர்ஹீரோவின் படமான ‘தி பேட்மேன்’ வெளியானது. திரையரங்கின் விளம்பரத் தாளில் ‘குழந்தைகளின் பிறந்தநாளுக்கு ஏற்ற சூப்பர்ஹீரோ கொண்டாட்டம்’ என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு 550 ரூபாய். பதினான்கு பிள்ளைகள். பெரியவர்கள் நால்வருக்குத் தனி டிக்கெட்.

நான் கேட்காமல் பணம் கட்டவில்லை. தொலைபேசியில் ஒருமுறை, நேரில் ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்டேன். “எல்லாம் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள், என் இளைய மகளுக்கு ஐந்துதான் ஆகிறது. பயமுறுத்தும் காட்சிகள் இருக்குமா?” என்று தெளிவாகவே கேட்டேன். முன்பதிவு மேசையில் இருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, “பேட்மேன் படம்தானே மேடம், சண்டை கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் ரசிப்பார்கள்” என்றார். படத்தை அவர் பார்த்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. சான்றிதழ் என்ன என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

படத்தின் தொடக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். யாரோ ஒருவன் மூச்சிரைக்கத் தொலைநோக்கியால் ஒரு வீட்டின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குள் சிவப்பு உடையணிந்த ஒரு சிறுவன், கையில் விளையாட்டு ஆயுதத்தோடு தன் அப்பாவைக் குத்துவதுபோல் விளையாடுகிறான். எங்கள் வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். திரையில் தங்கள் வயதுப் பையன் ஒருவனைப் பார்த்த சந்தோஷம். சிறிது நேரம் கழித்து அந்த அப்பா இரவில் வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்குப் பின்னால் இருட்டில் ஓர் உருவம் நிற்பது நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. பிறகு அடி. மறுபடி மறுபடி அடி. அதன்பின் அகலமான ஒட்டுநாடாவைச் சுருளிலிருந்து சர்ரென்று இழுக்கும் சத்தம், அரங்கு முழுக்க. அந்த நாடாவால் பிணத்தின் முகத்தையே சுற்றிவிடுகிறான். அப்பாவின் உடலை முதலில் கண்டது அந்தச் சின்னப் பையன்தான் என்று பிறகு தெரிய வருகிறது.

எங்கள் வரிசையில் சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. என் மகள் என் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கோடியில் இருந்த ஒரு பையன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். பாப்கார்ன் வாளியை நெஞ்சோடு அணைத்திருந்தான், ஒரு கையால் அதன் விளிம்பைக் கிழித்துக் கிழித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொள் என்றேன். மூடிக்கொண்டான். காதை மூட அவனுக்குக் கை போதவில்லை.

படம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டோம். மிச்சத்தை நானும் என் கணவரும் பல மாதங்கள் கழித்து, பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தோம். வெட்டிய கட்டைவிரல், ஒருவரின் தலையில் மாட்டிய எலிக்கூண்டு, கழுத்தில் வெடிகுண்டு கட்டப்பட்ட மனிதர், ஒரு பெண் கழுத்து நெரிக்கப்படும் ஒலிப்பதிவு. 176 நிமிடங்கள், ஏறத்தாழ மூன்று மணி நேரம், பெரும்பாலும் இருட்டும் மழையும். பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாக அது நன்றாகவே எடுக்கப்பட்ட படம். இயக்குநர் மாட் ரீவ்ஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்காக எடுத்தேன் என்று அவர் எங்கும் ஏமாற்றவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னது டிக்கெட் விற்றவர்கள்தான்.

வெளியே வந்ததும் மேலாளரைக் கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் பேசினேன், பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “யு/ஏ சான்றிதழ் போட்டிருக்கிறதே மேடம். பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.” உங்கள் ஆள் குழந்தைகள் படம் என்று சொன்னாரே என்றேன். “அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்” என்றார். விளம்பரத் தாளைக் காட்டினேன். அது பொதுவான விளம்பரம், எந்தப் படத்தையும் குறிப்பதில்லை என்றார். பணம் திரும்ப வராது, வேண்டுமானால் கேக்கை இங்கேயே வெட்டிக்கொள்ளலாம் என்றார். பாப்கார்ன் மணக்கும் அந்த நடைபாதையில், ஒரு குப்பைத்தொட்டி அருகே மேசை போட்டு என் பிள்ளை எட்டாவது பிறந்தநாள் கேக்கை வெட்டினான். பாட்டுப் பாட ஆரம்பித்தது நாங்கள் நான்கு பெரியவர்கள் மட்டும்தான்.

அன்று இரவு வீட்டில் பரிசுகளைப் பிரிக்க உட்கார்ந்தோம். மனம் மாறட்டும் என்றுதான். என் மைத்துனர் ஒரு பெரிய பெட்டியை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த பழுப்பு நிற பார்சல் டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்ற அந்தச் சத்தம். என் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறையைவிட்டு ஓடினான். எங்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. மிச்சப் பெட்டிகளை நான் சமையலறையில் வைத்து, கத்தியால் ஓரமாகக் கீறி, சத்தமில்லாமல் பிரித்துக் கொண்டுவந்து வைத்தேன். பல வாரங்கள் கூரியர்காரர் வந்தால் பார்சலை நான் மாடிக்கு எடுத்துப் போய்ப் பிரிப்பேன். அப்பா இரவில் ஹாலில் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் தூங்க மாட்டார்கள். “அப்பாவுக்குப் பின்னால் விளக்கைப் போடுங்கள் அம்மா” என்பாள் சின்னவள்.

அந்த ஒரு வாரம் மற்ற அம்மாக்களிடமிருந்து வந்த அழைப்புகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒருவரும் கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலாளர் சொன்னதில் பாதி உண்மை என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. அதுதான் எனக்கு அதிக ஆத்திரம். நம் நாட்டில் யு/ஏ என்ற பிரிவு 1983 முதல் இருக்கிறது. 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதான் அப்போது அதன் பொருள். ஐந்து வயதும் பதினொன்றும் ஒரே மூட்டைக்குள். லேசான சண்டை வரும் குடும்பப் படமும் யு/ஏ, நாடாவால் முகம் சுற்றிய பிணம் வரும் படமும் யு/ஏ. அதே படத்துக்கு பிரிட்டனில் கொடுத்த சான்றிதழ் 15. அங்கே பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவரை, அப்பா அம்மா கூடவே வந்தாலும், திரையரங்குக்குள் விட மாட்டார்கள். அமெரிக்காவில் பிஜி-13, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் சான்றிதழ். கடுமையான வன்முறை, மனத்தைக் குலைக்கும் காட்சிகள், போதைப்பொருள் என்று காரணத்தையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் போனில் பார்த்திருக்கக்கூடிய விஷயம். நான் பார்க்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. போஸ்டரிலும் டிக்கெட் செயலியிலும் இந்த எண் வருகிறது. முதலில் அதைப் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ‘ஏ’ சான்றிதழ் என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவரை வாசலிலேயே நிறுத்த வேண்டிய கடமை திரையரங்குக்கு உண்டு. 13+, 16+ என்பவை பெற்றோருக்கான அறிவிப்பு மட்டுமே. நான்கு வயதுக் குழந்தையோடு நீங்கள் 16+ படத்துக்குப் போனாலும் உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. வாசலில் விட்டுவிட்டார்களே, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

முகமூடியையும் பொம்மையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதை அடித்துச் சொல்வேன். பேட்மேன் கதையின் வில்லனை நாயகனாக்கி 2019இல் வந்த ‘ஜோக்கர்’ இங்கே ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம். ‘லோகன்’, ‘டெட்பூல்’ என்ற சூப்பர்ஹீரோ படங்களும் ‘ஏ’ தான். ஆனால் அந்த முகங்கள் பொதித்த டி-சட்டைகள் குழந்தைகள் அளவிலும் தொங்குகின்றன. இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்தும் இல்லை. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ வந்தபோது, குழந்தைகளின் உணவுப் பொட்டலத்தோடு அந்தப் படத்தின் பொம்மையைக் கொடுத்ததற்காக அமெரிக்கப் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். 2008இல் ‘தி டார்க் நைட்’ என்ற இன்னொரு பேட்மேன் படத்துக்கு, பெரியவர் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்னும் 12ஏ சான்றிதழ் கொடுத்ததற்காக, பிரிட்டனின் தணிக்கை வாரியத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட புகார்கள் போயின. பிள்ளைகளின் பையில் ஒட்டிய அதே சின்னத்தைப் பெரியவர்களுக்கான படத்தின் போஸ்டரிலும் ஒட்டுகிறார்கள். விற்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே சரக்கு.

என் அனுபவத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். சண்டை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. வானத்தில் பறந்து, கட்டடத்தை உடைத்து, வேற்றுக்கிரகத்தானை அடிக்கும் சண்டையைப் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே பார்க்கிறார்கள். வன்முறை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். வீட்டு ஹாலில் நடக்கிறதா? சாவது அப்பாவா அம்மாவா? அதைப் பார்க்கும் நிலையில் ஒரு குழந்தை இருக்கிறதா? அடித்தவன் சாதாரண மனிதனாக, நம் தெருவில் நடமாடக்கூடியவனாக இருக்கிறானா? என் பிள்ளைகளுக்கு பேட்மேன் போட்ட சண்டை ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த ஹாலும் அந்த நாடாவும்தான் நின்றுவிட்டன. முடிந்தால் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள். பிறந்தநாளை ஒரு வாரம் தள்ளிக் கொண்டாடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 7,700 ரூபாய் பேக்கேஜ், அதற்கு மேல் எங்கள் டிக்கெட். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பது அன்று எனக்குத் தெரியாது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்தை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமலே புகாராகக் கொடுக்கலாம் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் கையில் என்ன இருந்தது? அந்த இளைஞர் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. ஆகவே கேள்வியை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் படம், என்ன சான்றிதழ், எந்த வயதுக்கு ஏற்றது, படம் மாறினால் பணம் திரும்ப வருமா என்ற நான்கும் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அன்று கோபத்தில் அதைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

தங்கைக்கு அன்றிரவே அழைத்து இதையெல்லாம் சொன்னேன். படத்தின் சான்றிதழைத் தேடினோம்: யு/ஏ 13+. அவள் அந்த முன்பதிவு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: “ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் படம் ஏற்றது என்று நீங்கள் போனில் சொன்னதைத் தயவுசெய்து இங்கே எழுதித் தாருங்கள், உடனே முன்பணம் அனுப்புகிறேன்.” இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. ஆறு நாளாகிறது, பதில் இல்லை. அவள் வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட ஆள் சொல்லிவிட்டாள்.